எல்லை மலைகளும் ஒளிப்படக் கலையும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தனர் நம் முன்னோர். பாட்டுப் புனையப் புகுவோன் எந்த நிலம், எந்தப் பொழுது என்பதை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள் எனப்பட்டன. இவற்றின் நடுவே மாந்தர் நெஞ்சில் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள் எனப்பட்டது. இம்மூன்றனுள் உரிப்பொருளே பாட்டின் உயிர். ஏனைய இரண்டும் அவ்வுயிர் குடியிருக்கும் உடல்.

ஒளிப்படக் கலைக்கும் இவ்விலக்கணம் பொருந்துமா என்று சிறிது எண்ணிப் பார்ப்போம். படக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறும் இளைஞன் தேடுவதும் இடத்தையும் பொழுதையுமே. விடியலின் சாய்ந்த ஒளியா, நண்பகலின் கூரிய நிழலா, அந்தியின் செம்மையா என்று அவன் காத்திருக்கிறான். முதற்பொருள் கைகூடிவிடுகிறது, யானையும் அருவியும் கிடைத்தால் கருப்பொருளும் ஓரளவு வந்து சேர்கிறது. உரிப்பொருளோ பெரும்பாலும் படச்சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. இது ஏன் நேர்ந்தது, நேர்ந்ததால் நாம் இழந்தது என்ன என்பதைக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு எல்லை மாவட்டங்களை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விரு நிலங்களையும் நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பாலை மரங்கள் மிகுந்த காடு என்பதால் பாலக்காடு ஆயிற்று என்று பெயர்க்காரணம் கூறுவார் உளர். இடுக்கியின் உச்சி மலைகளிலோ குறிஞ்சி மலர் பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. இரண்டுக்கும் இடையே ஆனைமலைத் தொடர் கிடக்கிறது. பாலையும் குறிஞ்சியும் இவ்வளவு அருகில் அமைந்த நிலம் அரிது. இருபுறத்தும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன என்பதும் நாம் மறத்தற்கரியது.

ஆளற்ற படங்களின் தோற்றம்

ஒளிப்படக் கலை 1839-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் உலகறிய வெளிப்பட்டது. இருபதாண்டுக்குள் அது நம் நாட்டில் வேரூன்றியது. 1850-இல் சென்னையில் கலைப்பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாந்தர் அண்டர் இக்கலையைப் பரப்புவதிலும் முன்னின்றார். 1856-இல் சென்னையில் ஒளிப்படக் கழகம் தோன்றியது. அக்காலத்தே சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்ந்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் படைவீரர். 1857, 1858 ஆகிய ஆண்டுகளில் அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை ஆகிய ஊர்களுக்குச் சென்று கோயில்களையும் கோட்டைகளையும் படமாக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பல படங்களாக எடுத்து ஒரே நீண்ட சுருளாக அவர் இணைத்த அருஞ்செயலை இன்றும் அறிஞர் வியக்கின்றனர்.

அவருடைய படங்களை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். கோபுரம் இருக்கிறது, தெப்பக்குளம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. மனிதர் மிகச் சிலரே. மதுரையில் அன்றும் மக்கள் வெள்ளம் இருந்திருக்கும். அவர் பயன்படுத்தியது வேதிப்பொருள் பூசிய காகிதம். ஒளி அதில் பதிய நெடுநேரம் தேவைப்பட்டது. அசையாத கல் பதிந்தது. நடந்து சென்ற மனிதன் தடமின்றி மறைந்தான். ஆளற்ற நிலக்காட்சி என்பது முதலில் கருவியின் குறைபாட்டால் பிறந்தது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். பின்னர்க் கருவி திருந்தியது. நொடியின் நூற்றில் ஒரு பங்கிலும் படம் எடுக்க முடிந்தது. ஆயினும் ஆளற்ற அழகே அழகு என்னும் சுவை மட்டும் நிலைத்துவிட்டது. தேயிலை மலையைக் காட்டும் நாட்காட்டிகளில் கொழுந்து பறிக்கும் கைகள் தென்படாமைக்கு இப்பழஞ்சுவையும் ஒரு காரணம் எனலாம்.

கணவாயும் காற்றும்

இனிப் பாலக்காட்டுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியாகவும் தெற்கே ஆனைமலையாகவும் விலகி நிற்க, நடுவே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாயில் திறந்திருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். சேரநாட்டுக்கும் கொங்குநாட்டுக்கும் இடையே வணிகரும் படையினரும் சென்ற பெருவழி இது. 1862-இல் மேற்குக் கடற்கரையையும் போத்தனூரையும் இணைத்த இருப்புப்பாதையும் இவ்வழியே வந்தது. அன்று முதல் இன்றுவரை, கோவையைக் கடந்து மேற்கே செல்லும் பயணி வண்டியின் சாளரத்தில் காண்பது ஒரு தொடர் ஓவியம்: கரிசலும் பனையும் மெல்ல மெல்ல நெல்லும் தென்னையுமாக மாறும் காட்சி.

இந்நிலத்தைப் படம்பிடிப்போன் முதலில் கற்க வேண்டியது காற்றை. தென்மேற்குப் பருவக்காற்று கொங்குநாட்டுக்குள் நுழைவதும், மார்கழி தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இரைச்சலோடு வீசுவதும் இக்கணவாய் வழியேதான். காற்றைப் படமெடுக்க இயலாது. ஆனால் பனையோலையில் அதன் உருவைக் காணலாம். தசராக் என்னும் பாலக்காட்டுச் சிற்றூரில் தங்கிய ஓ. வி. விஜயன், பனையையும் காற்றையும் நெஞ்சில் தேக்கி, 1969-இல் ‘கசாக்கின் இதிகாசம்’ என்னும் மலையாளப் புதினத்தை நூலாக்கினார். அவர் கருத்துப்பட ஓவியரும் ஆவார். ஒரு நிலத்தை எழுத்தாளன் எவ்வாறு பார்த்தான் என்று அறிந்தபின் அதே நிலத்தைப் பார்க்கும் படக்கலைஞனுக்குப் பார்வை கூர்மையடைகிறது. அதே 1969-இல் மலம்புழை அணைக்கட்டின் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் வடித்த ‘யட்சி’ சிலை எழுந்தது. மேலே கூறிய சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர் அவர். மலையைப் பின்புலமாகக் கொண்டு அமர்ந்திருக்கும் அப்பேருருவம், உருவுக்கும் வெளிக்கும் உள்ள உறவைக் கற்பிக்கும் ஒரு திறந்தவெளிப் பாடசாலை.

அந்நாளில் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலும், அதன் கிழக்கே தமிழர் செறிந்து வாழும் சித்தூர் கொச்சி நாட்டிலும் இருந்தன. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டும் கேரளத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு நிலப்படத்தில் மாறியது. வீட்டு மொழி மாறவில்லை.

இசை கற்பித்த பார்வை

தொல்காப்பியர் யாழையும் பறையையும் நிலத்தின் கருப்பொருளில் சேர்த்தார் என்பதை முன்னர்க் கண்டோம். பாலக்காட்டில் அது இலக்கணமாக நில்லாது வாழ்க்கையாக விளங்குகிறது. கோட்டாயிக்கு அருகில் உள்ள செம்பையில் 1896-இல் பிறந்த வைத்தியநாத பாகவதர், 1974-இல் மறையும் வரை பாடிக்கொண்டேயிருந்தார். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) மிருதங்கத்துக்குப் புதிய மொழி வகுத்தார். கே. வி. நாராயணசாமி, மஞ்ஞப்பிரையில் பிறந்த எம். டி. இராமநாதன் ஆகியோரும் இம்மண்ணின் மக்களே. கல்பாத்தி ஆற்றங்கரையில் விசுவநாதசாமி கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரத் தெருக்களில், ஐப்பசித் தேர்த்திருவிழாவும் அதனையொட்டிய இசைவிழாவும் இன்றும் நிகழ்கின்றன.

இசைக்கலைஞரைப் படமெடுத்தல் எளிதன்று. படத்தில் ஒலி இல்லை. ஆதலின் பாடகர் வாய் திறந்திருக்கும் கணத்தை எடுத்தால் ஒரு முகம் கிடைக்குமேயன்றிப் பாட்டு கிடைப்பதில்லை. தம்புராவில் சுருதி கூடி, கண்கள் மூடி, முதல் ஒலி எழுவதற்கு முன் உள்ள ஒரு நொடியில் சில வேளை அது கிடைக்கிறது. மணி ஐயரின் வாசிப்பைக் கேட்டோர், அவர் எங்கே வாசித்தார் என்பதைப் போலவே எங்கே கை வைக்காமல் விட்டார் என்பதையும் வியந்து பேசுவர். எதைக் காட்டுவது என்பதைவிட எதை விடுவது என்பதே கலையின் கடினமான பாடம். மிருதங்கம் கற்பித்த இப்பாடத்தைப் படக்கருவியும் கற்றுக்கொள்ளலாம்.

லயம் என்னும் சொல்லையும் இங்கே நினைத்துப் பார்க்கிறோம். கச்சேரி மேடையில் லயம் என்றால் தாள ஒழுங்கு. ஆனைமலையின் மறுபுறம், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் லயம் என்றால் தொழிலாளர் வாழும் வரிசை வீடு. கணவாயில் முதல் லயத்தைக் கேட்ட நாம் இனி இரண்டாவது லயத்தைக் காண மலையேறுவோம்.

குண்டலைப் பள்ளத்தாக்கின் இருப்பூர்தி

பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ 1877-இல் குத்தகையாகப் பெற்றார். காடு அழிந்து தோட்டம் எழுந்தது. கங்காணிகள் வழியாகத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து நம் மக்கள் போடிநாயக்கனூரையும் குரங்கணியையும் கடந்து கால்நடையாக ஏறினர். அட்டைக்கடியும் காய்ச்சலும் பனியும் அவர்களை எதிர்கொண்டன. இன்று உலகெங்கிலுமிருந்து வருவோர் பச்சைக் கம்பளம் என்று புகழ்ந்து படமெடுக்கும் அம்மலைச்சரிவு இயற்கை தந்ததன்று. அது கையால் நட்டது. செடி ஒரே உயரத்தில் நிற்பது கவாத்துக் கத்தியின் வேலை. செடிகளுக்கிடையே ஓடும் வளைகோடு கொழுந்துக்கூடை சுமந்து நடந்த காலின் தடம். நிலக்காட்சி என்று நாம் சொல்வது இங்கே உழைப்பின் கையெழுத்தே.

தேயிலையை ஏற்றிச் செல்ல 1902-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாள ஊர்தி அமைந்தது. அதை எருதுகள் இழுத்தன. 1908-இல் அது இரண்டடி அகலப் பாதையாகி, நீராவி எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாகத் தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியே தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்தன. கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924 சூலையில், கேரளத்தார் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று நடுங்கிச் சொல்லும் பெருவெள்ளம் வந்தது. பாதையும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அவ்விருப்பூர்தி மீண்டும் ஓடவில்லை.

இன்று அது இருந்ததற்குச் சான்று யாது? சில கட்டடங்கள், சில பாதைத் தடங்கள், ஒளிப்படங்கள். மூணாற்றை அடுத்த நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அவ்வூர்தியின் சக்கரம் ஒன்றும் பழைய படங்களும் வைக்கப்பட்டுள்ளன. நாசரேத்துக் கைத்தொழிற்பள்ளியில் 1913-இல் செய்த சூரியக் கடிகாரம் ஒன்றும் அங்கே உள்ளது. ஒளியால் பொழுதை அளக்கும் அக்கருவி நம் நெல்லைச் சீமைக் கைவினை என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் பழைய தோட்டப் படங்களைப் பார்க்கும்போது ஒரு வேதனையும் எழுகிறது. துரைமாரின் பெயரும் பதவியும் எழுதப்பட்டிருக்கும். அருகில் கூடையோடு நிற்கும் பெண்கள் பெரும்பாலும் ‘கூலிகள்’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவர். டிரைப்பின் காகிதத்தில் நடந்தவன் உருவம் பதியவில்லை. இங்கே உருவம் பதிந்தும் பெயர் பதியவில்லை.

மலையைப் பார்த்த இருவர்

மலையும் காடும் தரும் ஊக்கத்தை முழுமையாகப் பயன்கொண்ட கலைஞர் இல்லையோ எனின், உளர். இருவரை மட்டும் ஈண்டுக் குறிப்போம்.

ஒருவர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது பேராசிரியர் பைசனோடு நீலகிரி, கோடைக்கானல் மலைகளில் அலைந்தார். பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார், கோட்டோவியம் வரைந்தார், தென்னாட்டுக் காட்டுயானைகளைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்தார். பல உறுப்புகளைத் தாமே சேர்த்துக் கட்டிய படக்கருவிக்கு வேடிக்கையாக ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் இட்டார். 1950 முதல் 1996 வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதினார். விலைமிக்க கருவி அவர்பால் இல்லை, பொறுமை இருந்தது. ஓவியம் கற்ற கையும், இலக்கியம் தோய்ந்த நெஞ்சும், விலங்கின் இயல்பறிந்த அறிவும் ஒன்று கூடினமையால், அவர் படத்தில் யானை வெறும் உருவமாக நிற்கவில்லை. ஒரு குடியாக, உறவாக நிற்கிறது.

மற்றவர் ‘மலையாள மனோரமா’ நாளிதழின் தலைமை ஒளிப்படக்காரராக விளங்கிய விக்டர் ஜார்ஜ். 1955-இல் கோட்டயம் மாவட்டத்தில் பிறந்த இவர் மழையைக் காதலித்த கலைஞர். மழை பெய்யும்போது ஏனையோர் கருவியை உறைக்குள் வைப்பர். இவர் அப்போதுதான் வெளியே எடுப்பார். 2001 சூலை 9-ஆம் நாள் இடுக்கி மாவட்டத்து வெண்ணியானி மலையில் நிலச்சரிவைப் படமெடுக்கச் சென்றவரை மற்றொரு சரிவு கொண்டுபோயிற்று. அவர் எடுத்த மழைப் படங்கள் அவர் மறைவுக்குப் பின் நூலாக வந்தன. மலை அழகு மட்டும் உடையதன்று, அச்சமும் உடையது என்பதற்கு அவர் வாழ்வே சான்றாயிற்று.

குறிஞ்சிக்கு நம் முன்னோர் வகுத்த பொழுது யாமம், நள்ளிரவு. ஒளியே இல்லாத பொழுதை மலைக்கு உரியதாக்கிய நுட்பம் வியத்தற்குரியது. மலையில் கண்ணுக்குப் புலனாகாததும் உண்டு, அங்கே செவியும் நெஞ்சுமே விழித்திருக்க வேண்டும் என்பது அதன் உட்கிடை என்று நாம் கருதுகிறோம்.

பூத்த மலையும் சரிந்த மலையும்

1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இரவிகுளம், வட்டவடைப் பகுதிகளில் நீலக்குறிஞ்சி பூத்தது. 2006-இல் வட்டவடை, கொட்டக்கம்பூர்ப் பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இரவிகுளத்தை ஒட்டிய இராசமலைக்கு மலர்காண வந்தோர் எடுத்த படங்களுக்கு அளவில்லை. நீலமும் பனியும் வரையாடும் கூடிய அப்படங்கள் உலகெங்கும் பரவின.

அதே இராசமலைப் பகுதியில் பெட்டிமுடி என்னும் தோட்டக் குடியிருப்பு இருந்தது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, கடுமழையில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்களுள் 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும். கயத்தாற்றுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டோர் பலர். முன்னோர் சொன்ன யாமப் பொழுது, அன்று மலையில் வேறொரு பொருள் கொண்டது.

வீடே போனபின் வீட்டுச் சுவரில் தொங்கிய படம் எங்ஙனம் எஞ்சும்? திருமணப் படம், பள்ளிப் படம், இறந்த பாட்டனுக்கு மாலையிட்ட படம் எல்லாம் மண்ணோடு போகும். இராசமலையின் மலருக்குப் பல்லாயிரம் படங்கள் உள. அதன் சரிவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கு ஒரு படம் இருக்குமா? முதற்பொருளும் கருப்பொருளும் நிறைந்து உரிப்பொருள் விடுபட்டது என்று தொடக்கத்தில் கூறியதன் பொருள் இதுவே.

நாம் செய்யத்தக்கது

தோட்டத்துக் குடும்பங்கள் நகரின் படக்கடைக்குச் சென்று, ஓவியத் திரையின்முன் நின்று படம் எடுத்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. மெய்யான மலையில் வாழ்ந்தவர்கள் திரையில் வரைந்த மலையின்முன் நின்றார்கள். அப்படம் மடலோடு சேர்ந்து சொந்த ஊருக்குப் போயிற்று. நலமாயிருக்கிறோம் என்று மடல் சொன்னதைப் படம் மெய்ப்பித்தது. அவ்வாறே பாலக்காட்டு அக்கிரகாரங்களிலிருந்து பம்பாயின் மாதுங்காவுக்கும் தில்லிக்கும் குடிபெயர்ந்தோர் பெட்டியில் தேர்த்திருவிழாப் படம் ஒன்றையேனும் கொண்டு சென்றிருப்பர். இவை கலைக்கூடங்களில் இடம்பெறா. ஆயினும் உரிப்பொருள் குன்றாத படங்கள் இவையே.

புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்கள் விடுமுறைக்கு மூணாற்றுக்கும் பாலக்காட்டுக்கும் செல்கின்றன. பிள்ளைகள் கைப்பேசியில் நூறு படங்கள் எடுக்கின்றனர். எடுக்கட்டும், மலையின் அழகு நெஞ்சை விரிப்பது. ஆனால் அவர்களுக்குச் சில சொற்கள் சொல்லி அனுப்புவோம். கொழுந்து பறிக்கும் அம்மையைப் படமெடுக்குமுன் அவரிடம் பேசுக, இசைவு பெறுக, அவர் ஊரும் பெயரும் கேட்டறிக, எடுத்த படத்தை அவருக்குக் கிடைக்கச் செய்க. செம்பையிலும் கல்பாத்தியிலும் படமெடுக்குமுன் ஒரு கச்சேரியை முழுதும் கேட்டு இருக்க. மறையூர் மலையின் பெருங்கற்கால முனியறைகளையும் பாறை ஓவியங்களையும் கண்டால், படம் என்பது நேற்றுத் தோன்றிய ஆசையன்று என்பதை உணர்க.

வீட்டில் உள்ள பழைய படங்களுக்கும் நம் கடன் ஒன்று உண்டு. படத்தின் பின்புறம் மெல்லிய கரிக்கோலால் நிற்பவர் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். பாட்டியார் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். அவருக்குப் பின் அம்முகங்களை அடையாளம் கூற எவருமிரார். தமிழ்ச் சங்கங்கள் இப்படங்களைத் திரட்டிப் படியெடுத்துக் காத்தல், மலர் வெளியிடுவதற்கு இணையான தமிழ்ப்பணியாகும். ஒரு வெள்ளம் இருப்பூர்தியைக் கொண்டுபோயிற்று. படம் அதை மீட்டுத் தந்தது. ஒரு சரிவு குடியிருப்பைக் கொண்டுபோயிற்று. அதை மீட்டுத்தரும் படங்கள் உறவினர் வீட்டுப் பெட்டிகளில் இருந்தால்தான் உண்டு.

அடுத்த குறிஞ்சி 2030-இல் பூக்கும் என்பர். அப்போது மலையேறும் நம் மக்கள் மலரோடு மலையின் மாந்தரையும் படமாக்குக. அவர்தம் பெயரையும் உடன் எழுதுக.